நான்காம் முளையிலிருந்து எடுத்த படங்கள்

பாறை எங்காவது நடக்குமா, இரு, பதறாதே, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஆறு படங்களையும் மேசைமேல் மறுபடி வரிசையாக வைத்தேன், முதல் இரண்டு படங்களில் அந்த வெடிப்பு விழுந்த பாறை இடது ஓரத்தில் சிவனே என்று உட்கார்ந்திருக்கிறது, மூன்றாவதில் கொஞ்சம் தள்ளி வந்திருக்கிறது, நான்காவதில் இன்னும் கொஞ்சம், ஐந்தாவதில் கிட்டத்தட்ட நடுவில், ஆறாவதில் நட்ட நடுவில் வந்து எதையோ மறைத்துக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி நிற்கிறது... கூட்டத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. நாற்காலிகளைப் போட்டாயிற்று, தண்ணீர் வைத்தாயிற்று, இந்த வருட அறிக்கையை ஒவ்வொருவர் இடத்திலும் வைத்தாயிற்று, அதன் கடைசிப் பக்கத்தில் 'எந்த நிலத்திலும் எந்த மாற்றமும் இல்லை' என்ற வரிக்குக் கீழே தலைவர், செயலாளர் என்று இரண்டு கோடுகள் கையெழுத்துக்காகக் காத்திருக்கின்றன. செயலாளர் நான்தான்.

எங்கள் அறக்கட்டளை என்ன செய்கிறது என்று கேட்டால் ஒன்றுமே நடக்காமல் பார்த்துக்கொள்கிறது என்றுதான் சொல்ல வேண்டும், கேட்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் அதுதான் வேலை. நிலம் சொந்தக்காரருடையதாகவே இருக்கும், அதில் இனி ஒருநாளும் கட்டடம் எழுப்ப மாட்டேன், மனையாகப் பிரிக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிடுவார், அவர் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அந்த எழுத்து கட்டும், நாங்கள் வருடம் ஒருமுறை போய் எல்லையைச் சுற்றி நடந்து, அங்கங்கே அடித்திருக்கும் இரும்பு முளைகளில் நின்று, அதே முளை, அதே திசை, அதே மாதம், ஆளுக்கொரு படம் என்கிற மாதிரி முளைக்கொரு படம் எடுத்து வருவோம். பதினேழு நிலங்கள் இருக்கின்றன, முதல் நிலம் தலைவருடையது, இரண்டாவது என்னுடையது. முளை அடித்தவளும் நான்தான், நில அளவை அலுவலகத்தில் முப்பது வருடம் வரைபடம் போட்ட கை, அரை அடி பிசகினாலும் எனக்குச் சோறு இறங்காது, அப்படிப்பட்ட மகராசி படங்களை எப்படி அடுக்கி வைத்திருக்கிறேன் பாருங்கள், வருடத்துக்கு ஓர் உறை, உறைமேல் அழகான கையெழுத்தில் வருடம், போன வருட உறையை இந்த வருடம் யார் திறந்தார்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்றே எடுத்த படங்களை இத்தனை வருடத்தில் ஒருவர்கூட ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் அட்டையில் படங்களை வரிசையாக ஒட்டி அடுத்த மாதம் ஊராருக்குக் காட்டலாம் என்று இன்று காலை பல் தேய்க்கும்போது தோன்றியது, தோன்றாமலேயே போயிருக்கலாம்.

மேசைமேல் இருக்கிற ஆறும் தலைவர் நிலத்து நான்காம் முளையில் கடைசி ஆறு வருடம் எடுத்தவை, அங்கே முதலில் எல்லாம் படம் எடுத்தது நான்தான். நாலு வருடத்துக்கு முன்னால், உனக்கு முழங்கால் சரியில்லை, அந்த மேட்டில் ஏறி இறங்கினால் படுத்துவிடுவாய், என் நிலத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார், எனக்கு அன்று கண் கலங்கிவிட்டது, கூடப் பிறந்தவன்கூட என் முழங்காலைப் பற்றி விசாரித்ததில்லை, இவர் விசாரிக்கிறாரே என்று வீட்டுக்குப் போய்ச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனேன், என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் ம் என்றார். முழங்காலாம் முழங்கால். என் தலையில் மிளகாய் அரைக்க என் முழங்காலையே அம்மிக் கல்லாக்கியிருக்கிறார். ஆறாவது படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், பாறையின் வலது பக்கத்தில் ஒரு கொடிக்கயிறு நீட்டிக்கொண்டிருந்தது, அதில் ஒரு மஞ்சள் கவுன், நாலு வயசுக் குழந்தை போடுகிற அளவு, காற்றில் கொஞ்சம் வெளியே வந்துவிட்டிருக்கிறது, துணி காய்கிறது என்றால் துவைக்க ஆள் இருக்கிறது, ஆள் இருக்கிறது என்றால் வீடு இருக்கிறது, முளையிலிருந்து பத்தடி, இருபதடி, முப்பதடி என்று வருடா வருடம் நகர்ந்து நின்று, வீடு வளர வளரப் பாறைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார். அந்த வயசில் அவருக்கு இருப்பது மகள் வயிற்றுப் பேத்தி ஒன்றுதான், மகள் வெளியூரில் சௌக்கியமாக இருக்கிறாள் என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தார், நான்கூட மாதாமாதம் விசாரிப்பேனே, சௌக்கியம்மா, சௌக்கியம் என்பாரே... எனக்கு வயிறு எரிந்தது, வேறு எப்படிச் சொல்வது, எரிந்தது.

வீடு கட்டினார் என்பதற்காக எரியவில்லை. நாலு வருடத்துக்கு முன்னால், இந்தப் பாறை நடக்க ஆரம்பித்ததற்கு இரண்டே மாதம் முன்னால், என் தம்பி வந்திருந்தான், வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள், குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள், என் எதிரில் உட்கார்ந்து காப்பி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டான், "ரோட்டோரமா ரெண்டே ரூம்க்கா. உன் மரம் ஒண்ணக்கூடத் தொட மாட்டேன்." நான் எழுதிக் கொடுத்திருக்கும் அந்த இரண்டாவது நிலம் அப்பாவுடையது. பாகம் பிரிக்கும்போது டவுனில் இருந்த வீடு அவனுக்கு, நிலம் எனக்கு, அவன் வீட்டை விற்று வியாபாரத்தில் விட்டான், அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை அவனைக் கேட்டதில்லை, கேட்டுச் சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை, அப்பா மூன்று வருடம் படுக்கையில் கிடந்தபோது மாதம் ஒருநாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனானே, அதையும் கேட்டதில்லை. யோசிச்சுச் சொல்றேன்டா என்று அனுப்பிவிட்டு மறுநாள் காலை தலைவர் வீட்டுக்குப் போனேன், விஷயத்தைச் சொன்னேன், அவர், "பாசம் வேற, கையெழுத்து வேறம்மா. ஒருத்தருக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்" என்றார். அதை அப்படியே கொண்டுபோய்த் தம்பியிடம் ஒப்பித்தேன், பாசம் வேற கையெழுத்து வேற, எவ்வளவு கம்பீரமாகச் சொன்னேன் தெரியுமா, ஏதோ நானே யோசித்துக் கண்டுபிடித்த மாதிரி. அப்பா நெலத்துல எனக்கு நிக்கக்கூட இடம் இல்லையாக்கா என்று கேட்டுவிட்டு எழுந்து போனவன்தான், மூன்று தெரு தள்ளித்தான் குடியிருக்கிறான், மகள் கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினான். தபாலில் வந்த பத்திரிகைக்கு எப்படிப் போவது என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது கதவு திறந்தது, அவர்தான், எப்போதும் எல்லோருக்கும் முன்னால் வருகிறவர். ஜன்னலைத் திறந்துவிட்டு, மின்விசிறியைப் போட்டுவிட்டு, என்னம்மா சீக்கிரம் வந்துட்டே என்று கேட்டுக்கொண்டே மேசைப் பக்கம் வந்தவர் படங்களைப் பார்த்தார், ஒன்றிலிருந்து ஆறு வரை ஒவ்வொன்றாகப் பார்த்தார், பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார், ஒரே நிமிடத்தில் பத்து வயசு கூடிப்போன மாதிரி இருந்தது, பாவம் என்று ஒரு நொடி எனக்குத் தோன்றியது பாருங்கள், அந்த நொடிக்காக என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. மறுப்பார் என்று நினைத்தேன், கேமராவின் மேல் பழி போடுவார், முளை துருப்பிடித்து விழுந்துவிட்டது என்பார், என் காதில் பூச்சுற்ற இன்னும் எத்தனையோ வழி இருக்கிறதே, அவர் எதையும் செய்யவில்லை, மாப்பிள்ளை அடித்துத் துரத்திவிட்டான், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள், வெளியே தெரிந்தால் அவமானம் என்று அழுதாள், முதலில் ஒரு கொட்டகைதான் போட்டேன், அப்புறம் மழை வந்தது, சுவர் வைத்தேன், அப்புறம் எல்லாமும்தான் என்று தரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார்.

"பெத்த பொண்ணும்மா. எங்க போகச் சொல்றது?"

"என் தம்பி எங்க போனாண்ணா?"

அண்ணா என்று வந்துவிட்டது, பதினெட்டு வருடப் பழக்கம், சனியன், நாக்கைக் கடித்துக்கொண்டேன். இந்த ஆளை அண்ணா அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டு, கூடப் பிறந்தவனைத் தெருவில் விட்டேன். அந்த ரெண்டு ரூமுக்கு இவர் ஒரு கண்ணை மூடியிருந்தால் போதாதா, மூடத் தெரியாதவரா இவர், எனக்கும் ஒரு பாறையைக் காட்டியிருக்கலாமே, இந்த மாதிரி ஓரமாக நின்று எடும்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, தனக்கென்றால் ஒரு நியாயம், எனக்கென்றால் சட்டப் புத்தகம்... இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னேனா மனசுக்குள் சொன்னேனா, இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை, பாதியாவது வெளியே வந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர் தலையை நிமிர்த்தினார்.

"நான் பண்ணது தப்பு. அதுல ரெண்டு பேச்சு இல்ல. இன்னைக்கே எல்லார் முன்னாடியும் சொல்லு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா உன் தம்பி விஷயத்த என் தலையில கட்டாத. அன்னைக்கு வந்து நீ என்கிட்ட என்ன கேட்டேன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாரு."

என்ன கேட்டேனாம், நல்ல கதை, மாட்டிக்கொண்டவர் எதிராளியைக் கேள்வி கேட்கிறார், வக்கீல் வைத்துப் பேசுகிற பேச்சு இது என்று எனக்குக் கோபம் இன்னும் ஏறியது, பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் படியில் காலடிச் சத்தம், நிஜ வக்கீலம்மாவே வந்துவிட்டார், பின்னாலேயே எங்கள் பொருளாளர், மருந்துக்கடை வைத்திருக்கிறவர், இந்த நாலு பேர்தான் நிர்வாகக் குழு. நான் படங்களை எடுத்து உள்ளே வைக்கவில்லை. வக்கீலம்மா அடடே, கண்காட்சிக்கா, அழகா இருக்கே என்றார், மருந்துக்கடைக்காரர் போன கூட்டத்தின் குறிப்பைப் படிக்க ஆரம்பித்தார், அவர் குரல் எப்போதும் மருந்துச் சீட்டைப் படிக்கிற குரல்தான், என் காதில் எதுவும் விழவில்லை, சொல்லலாமா, சொன்னால் என்ன ஆகும், தலைவரே ஏமாற்றினார் என்று தெரிந்தால் மற்ற பதினைந்து பேரும் சும்மா இருப்பார்களா, அவனவன் நாளைக்கே அஸ்திவாரம் தோண்டுவான், பதினெட்டு வருடம் காப்பாற்றியது பதினெட்டு நாளில் போய்விடும், அந்தப் பெண்ணும் குழந்தையும் வேறு எங்கே போவார்கள், சொல்லாவிட்டால், சொல்லாவிட்டால் நான் யார், என் கையெழுத்துக்கு என்ன மரியாதை, அந்தக் கையெழுத்துக்காகத்தானே தம்பியை... கடைசிப் பக்கம் வந்துவிட்டது. தலைவர் பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், கையெழுத்துப் போடாமல் அறிக்கையையும் பேனாவையும் என் பக்கம் தள்ளிவைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"இந்த வரி தப்பு" என்றேன். நான்காம் முளை, பாறை, கொடிக்கயிறு, வீடு, எல்லாவற்றையும் சொன்னேன், விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினேன், நில அளவை அலுவலகத்தில் மேலதிகாரிக்கு வரைபடம் விளக்குகிற மாதிரி ஒழுங்காகத்தான் சொன்னேன், மருந்துக்கடைக்காரர் தலைவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தண்ணீர் டம்ளரைப் பார்த்தார், வக்கீலம்மா ஆறாவது படத்தைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்கு என் கதை தெரியும், தபாலில் பத்திரிகை வந்த அன்று அவரிடம்தான் போய் அழுதேன். படத்தைக் கீழே வைத்தார், அவருக்கும் கோபம்தான், எனக்காகக் கோபம், அது எனக்கு இதமாகக்கூட இருந்தது.

"நாலு வருஷமா? அப்ப உங்க தம்பி வீடு கட்டக் கேட்டப்ப, முடியாதுன்னு சொன்னது இவருதானே?"

ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், நாலு வருட ஆமாம், தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, அந்தக் காலை கண்முன்னால் வந்தது, அவர் வீட்டு வாசல், நான் உட்காரக்கூட இல்லை, நின்றுகொண்டேதான் பேசினேன், ராத்திரி முழுக்க நன்றாகத் தூங்கியிருந்தேன், புடவை மாற்றித் தலை வாரிக்கொண்டு நிதானமாகப் போயிருந்தேன், தம்பி வந்து கேட்டான், ரெண்டு ரூமாம் என்றேன், அப்புறம் என்ன கேட்டேன், அனுமதி இருக்கிறதா என்று கேட்டேனா, வேறு வழி உண்டா என்று கேட்டேனா, யோசித்துப் பார்த்தேன், என் குரலிலேயே அது கேட்டது, தம்பிகிட்ட முடியாதுன்னு எப்படிண்ணா சொல்றது, கேட்டது அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்படிச் சொல்வது என்று கேட்டவளுக்கு அவர் சொல்லக் கொடுத்திருக்கிறார். வக்கீலம்மா மறுபடியும் அதையே கேட்டார், எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், தலைவர் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.