சிறிய துண்டு

ஆய்வகத்தில் நிரந்தர வேலை ஒன்றுதான் காலி. காத்திருந்தவர்களோ இரண்டு பேர். ஒருத்தி பழையவள், எல்லோருக்கும் அக்கா. இன்னொருவன் சீனி. மூலக்கூறுகளில் ஒட்டியிருக்கும் சர்க்கரைப் பகுதியைக் கண்டுபிடித்து வெட்டியெடுக்கும் கணினி நிரலை எழுதியதால் வந்த பெயர். பெற்றவர்கள் வைத்தது யாருக்கும் ஞாபகமில்லை.

"அக்கா, நாளைக்கு இயக்குநர்கிட்ட காட்டணும். நீங்க ஒரு தடவை பாத்துட்டா தைரியமா இருக்கும்."

அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். சர்க்கரையை நிரல் சரியாகவே அடையாளம் கண்டது. வெட்டிய பிறகுதான் கோளாறு. சர்க்கரை ஓரத்தில் இருந்தால் வம்பில்லை. நடுவில் இருந்தால் மிச்சம் இரண்டு துண்டாகும். நிரல் பெரியதை வைத்துக்கொண்டு சிறியதைத் தூக்கி எறிந்தது. ஒரு மருந்தில் கிருமியைக் கொல்வதே அந்தச் சிறிய துண்டாக இருந்தால்? ஒரு வரியை மாற்றினால் போதும், சரியாகிவிடும்.

"அருமையா இருக்குப்பா," என்றாள்.

அதோடு விட்டாளா? நேராக இயக்குநரிடம் போய், நிரலைச் சோதிக்க நல்ல மருந்து ஒன்று இருக்கிறதென்று, நடுவில் சர்க்கரை உள்ளதாகப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்தாள், பாவி.

மறுநாள் இயக்குநர் அந்த மருந்தைத்தான் நிரலில் கொடுத்து ஓடவிட்டார். திரையில் பாதி மருந்தைக் காணோம்.

"சர்க்கரைய எடுக்கச் சொன்னா மருந்தையே எடுத்துட்டியே. நீயெல்லாம் எதுக்கு இங்க வர்ற? இத யாருகிட்டயாவது காட்டினியா?"

சீனி அக்காவைத் திரும்பிப் பார்த்தான்.

"எங்கிட்ட காட்டவே இல்ல சார்," என்றாள் அக்கா, வாய் கூசாமல்.

அவன் முகம் செத்துப்போனது. ஆனாலும், "ஆமா சார், காட்டல," என்றான். அக்காவும் பிழையைத் தவறவிட்டுவிட்டாள், சொல்லப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. அவளுக்கு வெட்கம் வரவில்லை. அப்பாடா என்றிருந்தது.

"எங்க தப்புன்னு யாராவது பாருங்க," என்றார் இயக்குநர்.

அக்கா முந்திரிக்கொட்டையாக எழுந்து போய் உட்கார்ந்தாள். ஆயிரம் வரிக்கு மேல் உள்ள நிரலில் நேராக அந்த வரிக்குப் போனாள், மாற்றினாள், ஓடவிட்டாள். இரண்டு துண்டும் வந்தன.

பின்னால் நின்ற சீனி மெதுவாகச் சொன்னான்: "மேல எதையும் படிக்கவே இல்லையேக்கா. நேரா அங்க போயிட்டீங்க."

இயக்குநர் அக்காவைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது.

"அந்தக் கதையெல்லாம் இப்ப எதுக்கு? நிரல் ஓடுதில்ல," என்றார். "வேலை அவங்களுக்குத்தான், இனிமே இதையும் அவங்க பாத்துக்குவாங்க. நீ போறதுக்கு முன்னால, மத்த வரியெல்லாம் என்னென்னன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போ."

அவர் போய்விட்டார். சீனி இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"முதல் வரியிலேருந்து சொல்லவாக்கா?"