கடித்தது நாய்

1

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிய ஒரு மாமியாரும் மருமகளும் எனக்குப் புரியாத ஏதோ மொழியில் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். ஒட்டுக்கேட்க முடியாத எரிச்சலில் பிறந்ததுதான் இந்தக் கதை. இதில் உயர்ந்த நோக்கம் எதையும் தேடாதீர்கள்.

2

முதல் தொடக்கம்: பசிபிக்கின் நீல அலைகள் தாலாட்டும் ஒரு குட்டித் தீவில்...

(அடித்துவிட்டேன். நான் கோவளத்தைத் தாண்டிக் கடலைப் பார்த்ததில்லை.)

இரண்டாவது: இரும்புலியூர் அருள்மேரியின் மகன் ஆல்வின், கப்பலில் சமையல்காரன். போன இடத்தில் லூசியா என்ற தீவுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தான். அவளை அம்மாவிடம் விட்டுவிட்டு அடுத்த கப்பலில் ஏறிவிட்டான். மாமியாருக்குத் தமிழை விட்டால் வேறில்லை. மருமகளுக்குத் தமிழில் 'அம்மா', 'சோறு', 'போதும்' தவிர ஒன்றும் வராது.

இதையே வைத்துக்கொள்வோம்.

3

லூசியாவின் மொழிக்குப் பெயர் லோவே. (நான் வைத்ததுதான். வரைபடத்தில் தேட வேண்டாம்.) பேசுகிற அத்தனை பேரும் திரண்டு வந்தாலும் ஒரு கல்யாண மண்டபம் நிறையாது. அதற்கு அடிப்படை இலக்கணம் எழுத, காட்டாங்குளத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றிலிருந்து ஜான்சி வந்தாள். லோவேயில் வினைதான் முதலில் வரும். செய்தவன் பின்னாலேயே ஓடி வருவான். இதையெல்லாம் கண்டுபிடிக்க மொழியாராய்ச்சிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரே வாக்கியத்தைப் போட்டுப் புரட்டுவார்கள். ஜான்சி ஆங்கிலத்தில் கேட்பாள், லூசியா லோவேயில் சொல்வாள்: கடித்தது நாய் மனிதனை. கடிக்கவில்லை நாய் மனிதனை. கடித்திருந்தால் நாய்...

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அருள்மேரி அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஒரு கட்டத்தில் அவளுக்குத் தாங்கவில்லை.

"இன்னாம்மா ஜான்சி, அந்த நாய் அவனையே கடிச்சிகினு கீது! ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போவ மாட்டீங்களா?"

4

(ஜான்சியைக் கெட்டவளாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. பாவம், அவள் வேலையைத்தான் செய்தாள்.)

இலக்கணம் முடிந்தது. ஜான்சி வருவதும் நின்றது. நாய்க்கடி வாக்கியமானாலும் அது சொந்த மொழி. அதுவும் போனதும் லூசியா ஊமையாகிவிட்டாள். ஒரு காலையில் பெட்டியும் கையுமாக வந்து நின்றாள். வாசலில் ஆட்டோ.

"அம்மா, போதும்," என்றாள்.

அருள்மேரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்தப் பெண் அவளுக்கு வேண்டும். ஆல்வினைவிட வேண்டும். அதைச் சொல்லத் தமிழ் உதவாது. கேட்டைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த லோவேயை மொத்தமாக எடுத்து விட்டாள்.

"கடித்தது நாய் மனிதனை!"

லூசியா நின்றாள். இந்த ஊரில் யாரும் அவளிடம் லோவேயில் பேசியதே இல்லை. திரும்பி, லோவேயிலேயே, "எந்த மனிதனை?" என்றாள்.

ஏதோ கேட்கிறாள் என்ற அளவுக்கு அருள்மேரிக்குப் புரிந்தது. கொஞ்சம் யோசித்தாள்.

"கடித்தது நாய் ஆல்வினை!"

அது ஜான்சியின் இலக்கணத்தில் இல்லாத வாக்கியம்.

5

முடிவு ஒன்று: லூசியா பெட்டியை உள்ளே கொண்டுபோகிறாள். (சினிமா.)

முடிவு இரண்டு: போய்விடுகிறாள். (ஆல்வினுக்கு வேண்டியதுதான். அருள்மேரி என்ன பாவம் செய்தாள்?)

(ரயிலில் பார்த்த இருவரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அவர்கள் வேறு ஆட்கள் என்றுதான் நினைக்கிறேன்.)

எனக்குத் தெரிந்ததெல்லாம், லூசியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், கண்ணில் நீர் வழிய. பெட்டி இன்னும் கையில்தான் இருக்கிறது. ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார்.

"இன்னாமா, சவாரி கீதா, இல்லியா?"

அவருக்கு நீங்களே பதில் சொல்லி அனுப்புங்கள்.