கடைசி அடியில் ஒரு பேர்

எங்கள் பக்கத்துக் கும்மிப் பாட்டில் கடைசி அடியில் கட்டியவன் பேர் வரவேண்டும். வெண்ணந்தூரில் பாட்டுக் கட்டுகிறவன் நான் ஒருவன்தான். தீர்த்தகிரி என்ற பேரைத் தாளத்துக்குள் திணிக்க நான் பட்ட பாடு என் தறிக்குத்தான் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டில் ஒரு கும்மி கட்டினேன். 'கலெக்டர் குதிரைக்குக் கொள்ளு, வரி கட்டி ஓய்ந்த எங்கள் பிள்ளைகளுக்குக் கல்லு' என்று முதல் இரண்டு அடி வரும். மாரியம்மன் பண்டிகையில் பாவாயி அக்கா அதை முன்நின்று பாட, பெண்கள் சுற்றிவந்து கைதட்டினார்கள். பாடக்கூடாதென்று சர்க்கார் தண்டோரா போட்டது. என் எழுத்தை மதித்த முதல் ஆள் சர்க்கார்தான். அக்கா மறுநாளும் பாடினார்.

இன்ஸ்பெக்டர் சாவடிக்கு வந்து அவரை வரவழைத்தார். ஊரே கூடி நின்றது.

"யார் கட்டின பாட்டு?"

"நாந்தானுங்க" என்றார் அக்கா.

"முழுசாப் பாடு. கடைசி அடியில பேர் வரும்னு எனக்கும் தெரியும்."

அக்கா பாடினார். கடைசி அடி நெருங்கியது; என் பேர் வந்தால் ஜெயில் எனக்குத்தான். அப்போதும் காது மட்டும் என் பேருக்காகக் காத்திருந்தது. அதை என்னவென்று சொல்ல.

'வெண்ணந்தூர்ப் பாவாயி சொன்ன கும்மி' என்று முடித்தார். என் பேரைவிட அது நன்றாக உட்கார்ந்தது.

நான் முன்னால் போனேன். "ஐயா, அது நான் கட்டினதுங்க."

"அவன் பேச்சைக் கேக்காதீங்க சாமி" என்றார் அக்கா. "எந்தப் பாட்டுக் காதுல உழுந்தாலும் தான் கட்டினதும்பான்."

ஊர் சிரித்தது. கொஞ்சம் உண்மையும் இருந்ததால் பலமாகவே சிரித்தது.

"எங்கே, நீ பாடு" என்றார் இன்ஸ்பெக்டர்.

பாடினேன். இரண்டாம் அடியிலேயே தடுக்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

அக்காவை வண்டியேற்றும்போது கிட்டே போனேன். "ஆராயிக்கு நெறமாசம், நீ பொண்டாட்டிகூட இரு" என்றார். "எனக்கு எருமை ஒண்ணுதான். அதுக்குத் தண்ணி காட்டு."

ஆறு மாதம் வேலூர் ஜெயில். எருமை என்னைக் கடைசிவரை மதிக்கவில்லை.

திரும்பி வந்த அக்கா எங்கள் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரெண்டாவது அடி இழுக்குது தீர்த்தகிரி. ஜெயில்ல அத்தன பொம்பளைங்களும் அங்கதான் தடுக்குனாங்க. சரி பண்ணு. கடைசில உம்பேரையே போட்டுக்க."

'எம் பிள்ளைக்குக் கல்லு' என்று சுருக்கினேன். கடைசி அடியைத் தொடவில்லை.