முதலாளிக்கு ஊன்றுகோல்

அந்த இணையக் கடையில் ‘உங்களுக்குப் பிடிக்கலாம்’ என்ற பக்கம் ஆமையாய் ஊர்ந்தது. ஒவ்வொரு முறையும் கடையின் மொத்தத் தரவையும் துழாவிவிட்டுத்தான் அது வாயைத் திறக்கும். அலுவலகமே அக்கா என்று கூப்பிடும் பொறியாளர், ஒவ்வொரு வாடிக்கையாளருக்குமான பட்டியலை முன்கூட்டியே தயாரித்து சர்வரின் நினைவகத்தில் வைத்தாள். பக்கம் கண் இமைக்குமுன் வந்து நின்றது.

பெயரைத் தட்டிக்கொண்டு போனவன் முதலாளியின் மருமகன். "ராப்பகலா நானே உட்கார்ந்து செஞ்சேன் மாமா" என்று சொல்லி, தலைமை நாற்காலியையும் வாங்கிவிட்டான்.

"அது நான் செஞ்சதுல்ல தம்பி?"

"யாரு குத்தினா என்னக்கா, அரிசி ஆனாச் சரி."

அந்த அரிசியை அவன் தொண்டையிலேயே சிக்கவைப்பதென்று அக்கா அன்றே முடிவுகட்டினாள்.

அவனே வந்து மாட்டினான். முதலாளி கால் முறிந்து, வேண்டியதையெல்லாம் தன் கடையிலேயே வாங்கிக்கொண்டு வீட்டில் படுத்திருந்த சமயம் அது.

"இன்னும் வேகம் வேணும்க்கா. பழைய பட்டியலை அடிக்கடி அழிச்சுப் புதுசு போடுறப்ப இழுக்குது. அழிக்கிறதையே எடுத்துடுங்க."

"எடுத்தா பழசேதான் நிக்கும். ஆளு மாறினாலும் பட்டியல் மாறாது."

"பாடம் நடத்தாதீங்க. சொன்னதைச் செய்ங்க."

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?" என்று அறையைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் செய்தாள். மாறாத பட்டியலைப் பார்த்து வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள், மாப்பிள்ளை வேகத்தை மட்டும் பார்த்துப் பூரித்தான். அக்காவுக்கு வாய் நமநமத்தது. திறக்கவில்லை.

கடையில் முதல் போட வந்தவர்கள் முன்னால், கால் தேறிய முதலாளி, தன் கடையிலேயே வாங்கிய புது ஓட்டக் காலணியோடு மிடுக்காய் நடந்து வந்தார்.

"என் பக்கத்தையே திறங்க மாப்பிள்ளை!"

பெரிய திரையில் சட்டென்று வந்தது ஊன்றுகோல். பக்கத்தில் கழிவறை நாற்காலி. கீழே, படுக்கை நனையாமலிருக்க ரப்பர் விரிப்பு.

"வேகம் பிரமாதம்" என்றார் வந்தவர்களில் ஒருவர். இன்னொருவர் இருமலில் சிரிப்பை ஒளித்தார்.

முதலாளியின் முகம் சிவந்தது. "எவன்யா இதைச் செஞ்சது?"

தலைமை நாற்காலியில் இருந்தபடியே மாப்பிள்ளை அக்காவை நோக்கி விரலை நீட்டினான். "நான் இல்ல மாமா! முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் எல்லாம் இவங்கதான் செஞ்சாங்க!"

"இன்னொரு தடவை சத்தமா சொல்லுங்க தம்பி."

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"முழுக்க நான்தான் சார்" என்றாள் அக்கா. "பழசை அழிக்க வேணாம்னது மட்டும் இவரு. பழசேதான் நிக்கும்னு நான் சொன்னதை இந்த அறையே கேட்டுச்சு."

பேசிக்கொண்டே தன் மடிக்கணினியில், எடுத்ததைத் திரும்பப் போட்டாள். ஊன்றுகோல் போய் ஓட்டக்காரர்களின் தொப்பியும் காலுறையும் வந்தன.

"அப்ப ராப்பகலா உட்கார்ந்தது யாரு?" என்றார் மாமனார்.

"யாரு செஞ்சா என்ன மாமா..."

"அரிசி என்னுது தம்பி. உமியை நீங்க வச்சுக்கோங்க" என்றாள் அக்கா.

"எந்திரிங்க மாப்பிள்ளை" என்றார் முதலாளி. "அவங்க உட்காரட்டும்."

நாற்காலியில் அவன் சூடு இன்னும் ஆறவில்லை. அக்காவுக்கு அது பிடித்திருந்தது.