தேருக்குத் தூக்க ஏலாமற்போன வாகீசன்

கரம்பொன் தோள் இல்லத்தில் இருந்த வாகீசனைக் கட்டிலிலிருந்து தூக்குவதற்கு எட்டு ஆண்களும், இரண்டு உழவு இயந்திரங்களும், யாழ்ப்பாணத்திலிருந்து வரவழைத்த ஒரு பாரந்தூக்கியும் போதவில்லை. அவருடைய நிறை அப்போது நாற்பத்தேழு கிலோ. ஊர்காவற்றுறைக் கடையில் ஒரு மூட்டைச் சீமெந்து அதைவிடப் பாரம்.

போரில் முள்ளந்தண்டு உடைந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றுப்போன முன்னாள் போராளிகளுக்காகத் தொடங்கப்பட்டது தோள் இல்லம். குருநாகலில் கடை வைத்து உழைத்த ஒரு குடும்பம் கனடாவுக்குப் போனபின், “நீங்கள் இருக்குமட்டும் இருங்கோ” என்று சொல்லிக் கொடுத்த வீடு அது. அங்கே ஆறு பேர் இருந்தார்கள். அவர்களை நடத்தியவன் கிளின்ரன். அவனும் அவர்களோடு களத்தில் நின்றவன்தான். கடைசிச் சண்டையில் காயப்பட்ட வாகீசனை முதுகில் போட்டுக்கொண்டு நீரேரியைக் கடந்தவன். தண்ணீர் கழுத்தளவு என்று அவன் சொல்வான். எங்கள் ஊரில் அது தென்னையளவு. இரண்டு பேரும் தண்ணீருக்கு அடியால் நடந்து வந்தார்கள், மீன்கள் வழிவிட்டன. இல்லத்தின் பெரிய வேலை திருப்புவது. உணர்ச்சியில்லாத உடம்பு ஒரே பக்கமாகக் கிடந்தால் தோல் அழுகிப் புண்ணாகும், புண் ஆளைக் கொல்லும். ஆகவே இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பராமரிப்பாளர் லோஜனா ஒவ்வொருவராகத் திருப்பிவிடுவாள். அதைப் பார்த்துத்தான் ஊர் மணிக்கூட்டைச் சரிசெய்தது. ஒருமுறை தடிமன் காய்ச்சல் வந்து அவள் பிந்தினாள். அன்று பஸ் பிந்தியது, பள்ளிக்கூடம் பிந்தியது, சூரியனும் கொஞ்சம் தயங்கித்தான் கடலுக்குள் இறங்கியது.

வருடத்தில் ஒருநாள் அவர்கள் வெளியே போவார்கள். நயினாதீவு அம்மன் கோவில் தேரன்று, குறிகட்டுவான் துறையில் கிளின்ரன் ஆறு பேரையும் ஒவ்வொருவராகத் தோளில் சுமந்து படகில் இருத்துவான். கிறிஸ்தவ வேதக்காரன் என்றாலும் அன்று மீன் மச்சம் தொடமாட்டான். அந்த வருடம் பெரிய பஸ் வருகிறது என்று அவன் சொன்னபோது ஆறு பேரும் முகம் வழித்து வேட்டி உடுத்துக் காத்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான இராசமணி பூசிய வாசனைத் திரவியம் அல்லைப்பிட்டி வரை மணத்தது. எல்லாரிலும் கூடுதலாக ஆசைப்பட்டவர் வாகீசன். கிளின்ரன் அவரைத்தான் முதலில் தூக்கக் குனிந்தான். ஆள் அசையவில்லை.

“என்னடா மச்சான், அம்மியையோ விழுங்கினனீ?”

“நீதான் சோர்ந்துபோனாய். நல்லாக் குனிஞ்சு தூக்கடா!”

எல்லாரும் சிரித்தார்கள். சாரதி வந்து பிடித்தார், பக்கத்து வீட்டுக்காரர் பிடித்தார், எட்டுப் பேர் பிடித்தார்கள். வாகீசன் தன் கால்களைக் கெஞ்சினார். பிறகு தொடையில் ஓங்கி அறைந்தார். கிளின்ரன் அவர் முகத்தைப் பார்க்காமல், “சரி, அடுத்த முறை பாப்பம்” என்றான். மற்ற ஐந்து பேரையும் தூக்கி ஏற்றினார்கள். எல்லாருக்கும் இளையவன் றஜீபன் யன்னலால் கத்தினான்: “அண்ணை, உங்கட பங்குப் பொங்கல் புக்கையை நான் கொண்டுவாறன்!”

பஸ் வேலணைச் சந்தியில் குறிகட்டுவான் பக்கம் திரும்பவில்லை. மத்தியானம் வாகீசனின் தொலைபேசி அடித்தது.

“அண்ணை, தேருமில்லை ஒண்டுமில்லை. என்னைக் கிளிநொச்சியில மாமி வீட்டு முத்தத்தில இறக்கிப்போட்டுப் போட்டாங்கள். மற்ற ஆக்களையும் அப்பிடித்தான், சொந்தக்காரர் வீடு வீடா. வீட்டுக்காரர் இல்லத்தை விடுதியாக்கப் போயினமாம், கிளின்ரனண்ணை மனேச்சராம். சாரதிதான் சொன்னவர்.”

“கிளின்ரன் பஸ்ஸில வந்தவனோ?”

“இல்லை அண்ணை. படலை வாசலில நிண்டு கைகாட்டினவர்.”

வாகீசன் தொலைபேசியை மார்பில் வைத்துக்கொண்டு தன் கால்களை நெடுநேரம் பார்த்தார். அத்தனை வருடம் அவருக்கு ஒரு சொல்லும் சொல்லாத கால்கள், அன்று காலை அவருக்கு முன்னமே எல்லாவற்றையும் அறிந்திருந்தன.

மறுநாள் இயந்திரங்கள் வந்தன. முதலாவது உழவு இயந்திரம் கயிற்றைக் கட்டி இழுத்ததில் முன்சில்லுகள் எழும்பி, கொஞ்ச நேரம் ஆகாயத்தை உழுதது. இரண்டாவது இயந்திரம் சாரதியை விட்டுவிட்டுப் புகையோடு ஊர்காவற்றுறைக்கு ஓடிப்போனது. பாரந்தூக்கியின் கொளுக்கி ஊசி போல நிமிர்ந்தது. அது இழுத்த இழுப்பில் தீவே ஒருபக்கம் சரிந்து, எங்கள் கிணறுகளில் தண்ணீர் இன்றைக்கும் ஒரு கரையில்தான் நிற்கிறது. இவ்வளவுக்கும் வாகீசன் படுத்திருந்த காற்றுமெத்தை வெடிக்கவில்லை. நேரம் வந்ததும் லோஜனா ஒரு கையில் தேத்தண்ணீரோடு வந்து, மற்றக் கையால் அவரைத் தலையணையைப் போலத் திருப்பிவிட்டுப் போனாள். சம்பளம் நின்றபிறகும் அவள் வந்தாள்.

வேறு வழியின்றி விடுதியை அவரைச் சுற்றிக் கட்டினார்கள். அவர் கட்டில் கிடந்த இடம் வரவேற்பு மண்டபமானது. மாரி தொடங்க முன்னம் இராசமணி வன்னியில் புண் வந்து செத்துப்போனார்; அந்த வீட்டில் அவரைத் திருப்ப ஆளிருக்கவில்லை. அதைக் கேள்விப்பட்டு மற்ற நான்கு பேரும் ஒவ்வொருவராக முச்சக்கரவண்டி பிடித்து வந்தார்கள். சாரதிமார் அவர்களைப் பஞ்சுப்பொதி போலத் தூக்கிவந்து மண்டபத்தில் கிடத்தினார்கள். கிடத்திய பிறகு லோஜனாவைத் தவிர ஒருவராலும் அவர்களை அசைக்க ஏலவில்லை.

மனேச்சர் கிளின்ரன் பின்வாசலால் போய்வந்துகொண்டிருந்தான். ஒரு பின்னேரம் முன்வாசலால் வந்து வாகீசனின் கட்டிலருகே நின்றான்.

“இராசமணியண்ணைக்கு இப்பிடியாகும் எண்டு நான் நினைக்கேல்லையடா. என்னை மன்னிச்சுக்கொள்.”

“சரி, மன்னிச்சிட்டன். லோஜனாவைக் காணேல்லை, நேரமாச்சு. என்னைத் திருப்பிவிடு.”

கிளின்ரன் ஒரு கையைத் தோளுக்குக் கீழும் ஒரு கையை இடுப்புக்குக் கீழும் கொடுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. சேட்டு முதுகில் கிழிந்தது. வாகீசனும் கட்டில் சட்டத்தைப் பிடித்துத் தன்னாலான மட்டும் இழுத்தார். ஒரு நூலும் அசையவில்லை.

“நான் வேணுமெண்டு செய்யேல்லையடா” என்றார் வாகீசன்.

“தெரியும்” என்றான் கிளின்ரன்.

குசினியிலிருந்து ஈரக் கையோடு வந்த லோஜனா, “தள்ளுங்கோ” என்றாள். அவன் தள்ளி நின்றான். அவள் வாகீசனைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டாள்.

கிளின்ரன் இப்போதும் அங்கேதான் மனேச்சர். கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வருபவர்களிடம் சாவியைக் கொடுக்கும்போது, மண்டபத்தில் ஐந்து கட்டில்கள் இருக்கின்றன, அவற்றை எடுக்க ஏலாது என்று சொல்கிறான். அவர்கள் ஓம் என்று தலையாட்டிவிட்டு, கட்டில்களைச் சுற்றித் தங்கள் பெட்டிகளை உருட்டிக்கொண்டு போகிறார்கள்.