இரவல் நாடி

டவுன் பஸ் ஓட்டுகிற அவரைப் பணிமனையில் எல்லோரும் பீப்பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். ஸ்டீயரிங் வயிற்றில் இடிக்கத் தொடங்கிய பிறகுதான் சிரிப்பு குறைந்தது. பணிமனை டாக்டர் அவர் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, போனில் ஒரு ஆப்பையும் ஏற்றிக் கொடுத்தார். நடை, தூக்கம், நாடித்துடிப்பு எல்லாவற்றையும் பட்டை பார்த்துக்கொள்ளும். சாப்பிடுகிற தட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஒழுங்காகச் செய்யாவிட்டால் வண்டி கிடையாது. வீட்டில் ஒருவர் துணைக்குச் சேர வேண்டும் என்றதால் மனைவியின் போனிலும் அதே ஆப் ஏறியது.

முதல் வாரம் நடந்தார். பிறகு முட்டி வலித்தது. அதற்குப் பிறகு மழை. போனில் சிவப்பு எழுத்தில் செய்தி வந்தது: ‘உங்கள் முயற்சி போதவில்லை. மருத்துவருக்குத் தெரிவிக்கப்படும்.’

“நீ துணிக்கடையில நாள் பூரா மாடி ஏறி இறங்குறே. இதைக் கட்டிக்கிட்டுப் போயேன், தேஞ்சா போயிடுவே?” என்றார்.

“விளையாடுறீங்களா?”

“வண்டியைப் புடுங்கிட்டாங்கன்னா வீட்ல உக்காந்து உன் மூஞ்சியையே பாத்துட்டு இருப்பேன். பரவாயில்லையா?”

அவள் சிரித்துவிட்டாள். சிரித்ததுதான் வினையாய்ப் போனது.

மறுநாளிலிருந்து பட்டை அவள் கையில். ஆப்பில் எல்லாம் பச்சை. ஆப்பில் பேசும் நர்ஸ் ஒருத்தி உண்டு, முகம் பார்த்ததில்லை. “சூப்பர் அண்ணா! இருபது வயசுப் பையன் இதயம் மாதிரி இருக்கு!” என்று குரல் செய்தி அனுப்பினாள். அவர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுச் சிரித்தார். இரவுச் சோற்றை மனைவி பாதியாக்கியதில் எடை கொஞ்சம் இறங்கியிருந்தது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அவளுக்குத்தான் நிம்மதி போனது. மாடிப்படியில் பாதியில் நின்று, போன் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு அவர் மூச்சு வாங்குவதைப் பார்த்துவிட்டாள். ஷூவுக்கு முடிச்சுப் போடுவதற்குள் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை.

“போதுங்க. உங்க கையிலயே கட்டிக்குங்க.”

“அடுத்த மாசம் டாக்டர் பாத்துடட்டும். அப்புறம் கழட்டிடலாம்.”

ஒரு நாள் காலை, சாப்பிடும்போது இடது தோளைப் பிடித்துக்கொண்டார். தாடை வரை இழுக்கிறது என்றார். “வாயுதான்,” என்று தானே முடிவும் சொல்லிக் கிளம்பிவிட்டார். அவள் மனசு கேட்காமல் நர்ஸுக்கு எழுதிப் போட்டாள்.

கடையில் துணிக்கட்டைத் தோளில் ஏற்றும்போது பதில் வந்தது. “பயப்படாதீங்க அக்கா. காலையில வந்த துடிப்பைப் பாத்துட்டேன், கடிகாரம் மாதிரி ஓடுது. தசைப்பிடிப்பாத்தான் இருக்கும். வண்டி ஓட்டலாம்.”

அவள் தன் மணிக்கட்டில் இருந்த பட்டையைப் பார்த்தாள். துணிக்கட்டு தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

கணவரைக் கூப்பிட்டாள்; போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஓட்டும்போது எடுக்க மாட்டார். நர்ஸைக் கூப்பிட்டாள்.

“அது அவர் நாடி இல்லம்மா. என்னோடது. இத்தனை நாளும் என்னோடது.”

நர்ஸின் குரல் வேறு யாரோ பேசுவதுபோல் மாறியது: “வண்டியை நிறுத்தச் சொல்லுங்க. உடனே.”

பணிமனைக்குப் பேசினாள். “ரெண்டு பேரும் சேந்து ஏமாத்துனீங்களா?” என்று அதிகாரி பாய்ந்தார்.

“அப்புறம் திட்டுங்க சார். மொதல்ல கண்டக்டருக்குச் சொல்லுங்க!”

கணவரின் வண்டி கடைத்தெரு வழியாகத்தான் வரும். நிறுத்தத்துக்கு ஓடினாள். பஸ் வந்தது. நடைபாதை ஓரக்கல்லில் சக்கரம் உரச, நிற்பதா போவதா என்று தெரியாததுபோல் ஊர்ந்து வந்தது. கண்டக்டர் காதில் போனோடு அவர்மேல் குனிந்து கத்திக்கொண்டிருந்தார். வண்டி நின்றது.

முன்வாசலில் ஏறினாள். அவர் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது.

“ஏன்டி சொன்னே?” என்றார், குரல் வராமல்.

“சொல்லிட்டேன். கையை எடுங்க.”

அவரால் எடுக்க முடியவில்லை. ஸ்டீயரிங்கிலிருந்து ஒவ்வொரு விரலாக அவள்தான் பிரித்தாள். “வேலைக்கு நேரமாச்சு, இங்க என்ன குடும்பப் பஞ்சாயத்தா?” என்று பின்னாலிருந்து ஒருவர் முனகினார். எட்டிப் பார்த்ததும் அவரே ஓடி வந்து தாங்கிப் பிடித்தார்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இதயக் குழாயில் இரண்டு இடத்தில் அடைப்பு. இன்னொரு நிறுத்தம் தாண்டியிருந்தால் இவரோடு மட்டும் போயிருக்காது என்றார் பெரிய டாக்டர். பிழைத்தார். வண்டி போனது போனதுதான். தண்டனையாகச் சம்பளத்தைக் குறைத்து டிக்கெட் அறையில் உட்கார வைத்தார்கள். வெகுநாள் அவளோடு பேசவில்லை. ஒரு நாள், “உப்பே இல்லையே,” என்றார். அதுதான் முதல் வார்த்தை.

இப்போதும் மத்தியானம் அவர் நாற்காலியில் கண்ணயர்ந்தால் அவளுக்குக் கை வேலை ஓடாது. அருகில் வந்து நின்று, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பாள். சில சமயம் ஏறுவதற்கு நேரமாகும்.

“இருக்கேன். போய் வேலையைப் பாரு,” என்பார், கண்ணைத் திறக்காமலே.

அவள் போகமாட்டாள்.