மிதிச்சுட்டு எடுங்க

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் பிரம்மநாயகி வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும் என்று புருஷனின் அத்தை உலகம்மாள் விடிந்ததிலிருந்து அரற்றிக்கொண்டிருந்தாள். வளைகாப்பு முடிந்து சேரன்மகாதேவியிலிருக்கிற தாய்வீட்டுக்குப் போகிற பெண். அழைத்துப்போக அவள் அண்ணன் குமரவேல் காலையிலேயே பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டான். வந்தவன் இட்லி சாப்பிட்டுவிட்டு, போர்டிகோவில் நாற்காலி போட்டு, தங்கை புருஷன் கார்த்திகேசன் காரோடு படும் பாட்டை வேடிக்கை பார்த்தான்.

கார்த்திகேசன் வங்கிக் குமாஸ்தா. வீட்டில் எது பழுதானாலும் தானே பிரித்துப் பார்க்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. போன வருஷம் வாங்கிய பழைய மாருதி ஒரு வாரமாகப் பிரேக் மிதித்தால் கரகரத்தது. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் பிரேக் பேட் இரண்டும் தகடு தெரியத் தேய்ந்திருந்தன. பேட் அழுத்திப் பிடிக்கிற டிஸ்க்கில் நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம். இந்த வண்டியில்தான் பிள்ளைத்தாச்சியை டாக்டரிடம் கூட்டிப்போய் வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே மற்றச் சக்கரத்தையும் கழற்றினான்.

வண்ணார்பேட்டையில் வாங்கிவந்த புது டிஸ்க்குகளைப் பெட்ரோல் நனைத்த துணியால் எண்ணெய் போகத் துடைத்து மாட்டினான். புதுப் பேட் தடிமன். அது உள்ளே நுழைய வேண்டுமானால் அதை அழுத்துகிற பிஸ்டனைப் பின்னால் தள்ள வேண்டும். தள்ளினான். இனிப் பிரேக் பெடலை நாலைந்து தடவை மிதித்தால்தான் பிஸ்டன் முன்னுக்கு வரும். அதுவரை வண்டிக்குப் பிரேக் கிடையாது. மிதித்த கால் சும்மா தரைக்குப் போகும். அது அவனுக்குத் தெரியும். அதற்காகத்தான் சக்கரங்களை மாட்டியதும் கதவைத் திறந்தான்.

"ஏலே, பூச போடாம ஏறாத," என்றாள் அத்தை. "புதுச் சாமான் மாட்டியிருக்கல்லா, புது வண்டி மாதிரிதான். கூட்டிட்டுப் போறவன் மொதல்ல ஏறட்டும். நீ கையக் கழுவு."

"ஒரு நிமிசம் அத்த, மிதிச்சுக்கிடுதேன். இல்லன்னா பிரேக்கு பிடிக்கா..."

"வாய மூடுலே. பிள்ளத்தாச்சி ஏறப்போற வண்டி. நல்ல நேரத்துல என்ன பேச்சு பேசுத?"

படியில் நின்ற பிரம்மநாயகி வயிற்றில் கை வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் மீதியைச் சொல்லாமல் அவன் கதவை விட்டு விலகினான். மனைவி மாசமாக இருந்தால் புருஷன் தேங்காய் உடைக்கக் கூடாது என்பதால் அப்பா ஐயம்பெருமாள் தேங்காயோடு கேட்டருகே போனார். போர்டிகோவிலிருந்து கேட் வரை சிமெண்டுச் சரிவு. முன்சக்கரங்களுக்கு அடியில் அத்தை எலுமிச்சம்பழம் வைத்தாள்.

கார்த்திகேசன் நல்ல வார்த்தையாகத் தேடிப்பிடித்துக் குமரவேலிடம் மெதுவாகச் சொன்னான்.

"அத்தான், ஏறின ஒடனே நாலஞ்சு தடவ நல்லா மிதிச்சுட்டு எடுங்க."

"எனக்கே வண்டி ஓட்டச் சொல்லித் தருதியோ மாப்ளே?" என்று சிரித்தபடி அவன் ஏறினான்.

பக்கத்துச் சந்தில் குழாயடியில் கார்த்திகேசன் சோப்பைக் கையில் எடுத்தான். தேங்காய் சிதறுகிற சத்தம் கேட்டது. பிறகு எஞ்சின் உறுமியது. அடங்கியது. மறுபடி உறுமியது. நாலைந்து தடவை, சொன்னபடியே, நன்றாக.

ஆக்சிலரேட்டரை மிதிக்கிறான்.

சோப்பைப் போட்டுவிட்டு ஓடினான். அதற்குள் எலுமிச்சம்பழங்கள் நசுங்கியிருந்தன. கேட்டருகே அப்பா குனிந்து, டயரில் குத்திவிடக் கூடாதே என்று சிரட்டைச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் குமரவேலின் முகம் வெளுத்தது. கால் தரையைத் தொட்டுவிட்ட முகம் அது.

"பிரேக்கு பிடிக்காது, கைப்பிரேக்க இழுங்க," என்று கத்தினான் கார்த்திகேசன். சொல்லக் கூடாத சொல் இப்போது தெருவுக்கே கேட்டது.

குமரவேல் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. பிரேக்கைத்தான் திரும்பத் திரும்ப மிதித்தான். வண்டி நின்றது. ஆனால் அப்பாவின் முழங்காலைக் கேட் தூணோடு வைத்து நெரித்த பிறகுதான் நின்றது.

"நீதான மாப்ளே மிதிக்கச் சொன்ன," என்றான் இறங்கியவன். அத்தை குங்குமத் தட்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மணி பத்தரையைத் தாண்டியதை யாரும் பார்க்கவில்லை.

பூசை போட்ட வண்டியில் ஊருக்குக் கிளம்பியவள் ஏறவில்லை. அப்பாவைத்தான் பின்சீட்டில் கிடத்தினார்கள். குமரவேல் அவர் காலைத் தாங்கிக்கொள்ள, கார்த்திகேசன் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். குமரவேல் மிதித்த மிதியில் பிரேக் பெடல் இப்போது கல்லாக நின்றது. முருகன்குறிச்சியில் ஒரு சைக்கிள்காரன் குறுக்கே விழுந்தடித்து வந்தபோது, தொட்டதும் வண்டி சத்தமில்லாமல் நின்றது. இனி எத்தனை தடவை மிதித்துக் காட்டினாலும் இது பிடிக்கத்தான் செய்யும்.

பின்னாலிருந்து அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"பிரேக்கு நல்லாத்தான பிடிக்கி, கார்த்தி. அங்கன மட்டும் ஏம்லே பிடிக்கல?"